ஜோனாக்கி ஜங்ஷனில் ஒரு ‘நில்லு’

ஆண்டாள் ஓடினாள்... ஒரு கையில் குடை, மறு கையில் செருப்பு, தோளில் ஆபீஸ் பை. ஹவுரா படித்துறையில் விடிந்ததிலிருந்து ஒரே மழை. ஆற்றைக் கடந்து பாபுகாட் போகிற லாஞ்ச் கயிற்றை அவிழ்த்துவிட்டது. ஏறும் பலகையையும் இழுக்கத் தொடங்கிவிட்டார்கள். இதை விட்டால் இன்றைக்கும் லேட். மழை மழை என்று காரணம் சொல்லிச் சொல்லி, மேனேஜருக்கு அந்த வார்த்தையே புளித்துப்போயிருந்தது.

‘தாரான்’ என்று வங்காளியில் கத்தியிருக்க வேண்டும். பள்ளிக்கூடத்தில் சேர்ந்த நாளிலிருந்து இந்த ஊர்தான். பேரம் பேசுவதும் சண்டை போடுவதும் அவளுக்கு வங்காளியில்தான் சரளம். ஆனால் பதறும்போது நாக்கு வீட்டுப் பக்கம்தான் ஓடும் போலிருக்கிறது.

“நில்லு...!”

லாஞ்சின் பின்பக்கக் கம்பியைப் பிடித்து நின்ற ஒருவன் சட்டென்று திரும்பினான். நனைந்த தலை, கறுப்பு டீ-ஷர்ட்... மழைத்திரைக்கு அந்தப்பக்கம் அகல விரிந்த இரண்டு கண்கள். ஒரு கணம் அப்படியே பார்த்தான். பிறகு கையை மேலே தூக்கி, பாட்டுக்காரன் மாதிரி இழுத்து எதிர்க்குரல் கொடுத்தான்.

“நிலோ...!”

வங்காளியில் நிலோ என்றால் ‘எடுத்துக்கொண்டது’. எது எதை எடுத்துக்கொண்டது? பலகைக்காரர் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துச் சிரித்துவிட்டுப் பலகையை மறுபடி தள்ளினார். ஆண்டாள் ஏறிவிட்டாள்.

ஏறியவள் நேராக அவனிடம்தான் போனாள். ஒரு பெண் நனைந்துகொண்டு ஓடி வந்தால் அதைப் பார்த்துக் கேலி செய்வதுதான் பத்ரலோக் வளர்ப்பா, கண்ணியமான வீட்டுப் பிள்ளை செய்கிற காரியமா என்று வங்காளியில் ஒரு பிடி பிடித்தாள். பக்கத்தில் மீன் கூடையோடு நின்ற அம்மாள் ‘நன்றாகக் கேள் தீதி’ என்று அவள் கட்சியில் சேர்ந்துகொண்டாள்.

அவன் அசையாமல் கேட்டான். பிறகு மெல்லச் சொன்னான்.

“மன்னிச்சுக்கங்க... மானே... பழக்க தோஷம்.”

தமிழ்! ஆண்டாளுக்குத் திட்டு பாதியில் நின்றுபோனது. ‘மானே’ என்று அவன் சொன்னது புள்ளிமான் இல்லை... ‘அதாவது’ என்பதற்கு வங்காளிகள் வாய்க்கு வாய் போடும் சொல். தமிழ்ப் பையன், வங்காளி மூச்சு. இந்த ஊரில் வளர்ந்த பிள்ளைகள் எல்லாரும் கொஞ்சம் இப்படித்தான், அவளையும் சேர்த்து.

பெயர் மகேஸ்வரன். லேக் மார்க்கெட் பக்கம் அப்பளம், காப்பிப் பொடி, ஊறுகாய் விற்கிற கடை அவனுடைய அப்பா வைத்தது. இப்போது அவனும் அம்மாவும் பார்த்துக்கொள்கிறார்கள். சென்னை மெயிலில் வரும் சரக்கை ஹவுரா பார்சல் ஆபீசில் எடுத்து வேனில் ஏற்றி அனுப்பிவிட்டு, தான் மட்டும் லாஞ்சில் போவானாம். அதனால்தான் இந்த மழையிலும் அவன்மேல் காப்பி வாசனை என்று ஆண்டாள் நினைத்துக்கொண்டாள். நினைத்ததும், ‘உனக்கெதற்கு அவன் வாசனை’ என்று தன்னையே அதட்டிக்கொண்டாள்.

தன் பெயரைச் சொன்னபோது அவன் சிரிப்பான் என்று எதிர்பார்த்தாள். இந்த ஊரில் எல்லாரும் சிரிப்பார்கள். அசன்சோல் போகிற வழியில் அண்டால் என்று ஒரு ரயில்வே ஜங்ஷன் இருக்கிறது. காலேஜ் முழுக்க அவளை ‘அண்டால் லோக்கல்’ என்றுதான் கூப்பிட்டார்கள். இவன் சிரிக்கவில்லை. “மார்கழியில கேசட் போடுவாங்களே எங்க அம்மா... அந்த ஆண்டாளா?” என்று மரியாதையாகக் கேட்டான்.

அப்புறம்தான் நிலோவின் கதையைச் சொன்னான்.

ஜோனாக்கி ஜங்ஷன் என்று ஒரு பேண்ட். ஜோனாக்கி என்றால் மின்மினி. ஒரே பாட்டை ஒரு நாள் பத்து நிமிஷம் வாசிப்பார்கள், இன்னொரு நாள் முக்கால் மணி நேரம்; போகிற போக்கில் ராகம் மாறும், தாளம் கரையும், கிடார் எங்கோ வானத்தில் சுற்றிவிட்டு வந்து வீடு சேரும். ஒரு தடவை வந்தது மறு தடவை வராது. அதனால் ரசிகர்கள் ஒவ்வொரு கச்சேரியையும் பதிவு செய்து ஒருவருக்கொருவர் சும்மாவே கொடுத்துக்கொள்வார்கள். மகேஸ்வரன் அந்தப் பதிவுக்காரர்களில் ஒருவன். மூங்கில் கம்பு நுனியில் மைக்கைக் கட்டிக்கொண்டு கூட்டத்துக்கு நடுவில் நிற்பவன்.

எட்டு வருஷத்துக்கு முன்னால், ஒரு தை மாதம், சால்ட் லேக் மைதானத்தில் கச்சேரி. ஒரு நீண்ட வாசிப்பின் நடுவே எல்லாம் அடங்கி மைதானமே மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்த ஒரு கணத்தில், கூட்டத்திலிருந்து ஒரு பெண் குரல்... ஒரே ஒரு சொல். அடுத்த நொடி டிரம் இடித்துக்கொண்டு உள்ளே வந்தது, கிடார் அந்தச் சொல்லையே பிடித்துக்கொண்டு ஏறியது. அப்படி ஒரு வாசிப்பு அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை என்பது ரசிகர்கள் கட்சி. அந்தப் பெண் ‘நிலோ’ என்று கத்தியதாக எல்லாரும் நம்பினார்கள். இசை என்னை எடுத்துக்கொண்டது... நிலோ! அன்றிலிருந்து வாசிப்பு அடங்கும் இடம் வந்தால் மைதானமே ஒரே குரலில் ‘நிலோ’ சொல்லும். இரண்டு ரசிகர்கள் டிராமில் சந்தித்துக்கொண்டால்கூட நமஸ்காரத்துக்குப் பதில் நிலோதான்.

“எல்லாருக்கும் அது நிலோ. எனக்கு மட்டும் தெரியும், அது தமிழ்னு” என்றான். “அந்தப் பொண்ணு நில்லுன்னு சொன்னா. யாரையோ.”

ஆண்டாள் கையிலிருந்த குடை சாய்ந்து, தண்ணீர் முழுக்க அவள் புடவையிலேயே வடிந்தது. அவள் கவனிக்கவில்லை. அந்தப் பெண் அவள்தான்.

*

அன்றைக்கு, தோழி மீரா வீட்டில் பரீட்சைக்குப் படிக்கிறேன் என்று சொல்லிவிட்டுத்தான் மைதானத்துக்குப் போயிருந்தாள். சாந்த்ராகாச்சி யார்டில் சரக்கு வண்டிகளைப் பிரித்துக் கோக்கும் வேலை அப்பாவுக்கு. ஜெய்ராம் என்றால் யார்டே எழுந்து நிற்கும். வீட்டில் அவர் குரல் உயர்த்தி யாரும் கேட்டதில்லை. அன்று சாயங்காலம் குளிர் திடீரென்று இறங்க, மகள் ஸ்வெட்டர் எடுக்காமல் போய்விட்டாளே என்று மீரா வீட்டுக்குப் போனார். அங்கே விஷயம் உடைந்துவிட்டது. ஸ்வெட்டரோடு மைதானத்துக்கு வந்தார்.

நீல விளக்கில், தலைமுடி அவிழ்ந்து, கண்ணை மூடி ஆடிக்கொண்டிருந்தாள் ஆண்டாள். கண்ணைத் திறந்தபோது கூட்டத்தின் ஓரத்தில் அப்பா. கையில் மடித்த ஸ்வெட்டர். அவர் முகத்தில் கோபம் இருந்திருந்தால்கூடத் தேவலை. ஒன்றுமே இல்லை. திரும்பி நடந்தார். அவள் கத்தினாள்... நில்லுப்பா. ‘நில்லு’ மைதானம் முழுக்கக் கேட்டது. ‘ப்பா’வை டிரம் விழுங்கிவிட்டது. அப்பா நிற்கவில்லை.

வீட்டுக்கு வந்தபோது ஸ்வெட்டர் ஆணியில் தொங்கியது. யாரும் ஒன்றும் கேட்கவில்லை. அதுவரை ‘பாப்பா’ என்று கூப்பிட்டவர், மறுநாளிலிருந்து ‘ஆண்டாள்’ என்று கூப்பிட்டார். அவ்வளவுதான் தண்டனை. அவளும் அதன்பிறகு ஒரு கச்சேரிக்கும் போகவில்லை, அந்த பேண்டின் பாட்டை எங்காவது கேட்டால் எழுந்து வேறு இடம் போய்விடுவாள். கூப்பிட்டும் நிற்காதவரிடம் என்ன பேசுவது? இரண்டு பேருக்கும் நடுவில் நான்தான் போஸ்ட் ஆபீஸ் என்று அம்மா நாகலட்சுமி அலுத்துக்கொள்வாள். கடிதம் எல்லாம் சாம்பார் வேண்டுமா, கரண்ட் பில் கட்டியாச்சா என்ற அளவில்தான் இருக்கும்.

அவள் வாழ்க்கையில் மிக வெட்கப்பட்ட கணம். அதைத்தான் ஊரே சேர்ந்து கோஷமாக்கி வைத்திருக்கிறது என்று லாஞ்சில் முன்பின் தெரியாத ஒருவன் சொல்கிறான்... அழுவதா சிரிப்பதா தெரியவில்லை. ‘அது நான்தான்’ என்று மட்டும் அவள் சொல்லவில்லை.

*

அடுத்த நாளும் அதே லாஞ்ச். அதற்கடுத்த நாளும். தற்செயல் என்று அவள் சொல்லிக்கொண்டாள். தற்செயலுக்காக ஒருத்தி பஸ்ஸை முன்கூட்டியே பிடிப்பாளா என்று அவளுடைய மனசாட்சி கேட்டது. அதற்கு வேறு வேலை இல்லை.

அவனுடைய தமிழ் அவளுக்குத் தினமும் ஒரு பண்டிகை. மேல்தளத்தில் புகை அடித்துக்கொண்டிருந்த ஒருவரிடமிருந்து நகர்ந்து வந்து, “நான் சிகரெட் சாப்பிடறதில்ல” என்றான் ஒரு நாள். வங்காளியில் தண்ணீரும் சாப்பாடு, சிகரெட்டும் சாப்பாடு.

“யாருமே சாப்பிட மாட்டாங்க. தமிழ்ல அதைக் குடிப்பாங்க” என்றாள்.

“புகையை எப்படிங்க குடிக்கிறது?”

“நீங்க எப்படிச் சாப்பிடுவீங்களோ அப்படித்தான்.”

அவன் சிரித்தால் முதலில் கண்தான் சிரிக்கும், உதடு பின்னால் வந்து சேரும். அதை அவள் கவனிக்கவே இல்லை... கவனிக்கவே இல்லை என்று தினமும் கவனமாக நினைத்துக்கொண்டாள்.

ஜோனாக்கி ஜங்ஷன் ஐந்து வருஷமாக மேடை ஏறவில்லை என்பதை அவன் சொல்லித்தான் தெரிந்துகொண்டாள். பேஸ் கிடார் வாசிக்கிற துலால்தாவுக்கு வலது கை விழுந்துவிட்டது. வேறு ஆளைப் போட்டு நடத்தலாம் என்று எத்தனையோ பேர் சொன்னார்கள். மற்ற மூவரும் மறுத்துவிட்டார்கள். அப்படியும் ரசிகர்கள் கலையவில்லை. ஞாயிற்றுக்கிழமை யாராவது ஒருவர் வீட்டு மாடியில் கூடி, பழைய பதிவு ஒன்றைப் போட்டு, அடங்குகிற இடம் வந்ததும் நிலோ சொல்லிவிட்டு, டீ குடித்துக் கலைவார்கள். மேடையே இல்லாத பேண்டுக்கு இத்தனை பேர் ஏன் காத்திருக்க வேண்டும் என்று கேட்டாள்.

அவன் ஆற்றைக் காட்டினான். “தினம் இதே லாஞ்சு, இதே ஆறு. அலுக்குதா? நேத்துப் பாத்த தண்ணி இன்னிக்கு இல்ல. அந்த மாதிரி.”

ஒரு நாள் இயர்போனின் ஒரு பக்கத்தை அவளிடம் நீட்டினான். வேண்டாம் என்று சொல்லத்தான் நினைத்தாள். கை நீண்டுவிட்டது. எட்டு வருஷத்துக்குப் பிறகு அந்த கிடார்... ஹூக்ளியின் நடுவில், மழை விட்ட வெளிச்சத்தில், நெஞ்சு தளும்பிப்போனது. இதையா இத்தனை நாள் பட்டினி போட்டோம் என்று இருந்தது. சொல் வரும் இடம் நெருங்கியதும் இயர்போனைக் கழற்றிக் கொடுத்துவிட்டாள்.

அந்தக் குரலைப் பற்றி அவன் பேசாத வாரம் இல்லை. எத்தனை ராத்திரி அதைக் கேட்டிருப்பேன் தெரியுமா என்பான். அந்த ஒரு சொல்லில் அப்படி ஒரு தவிப்பு என்பான். இயந்திரத்தைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்ததால் ஆளைப் பார்க்காமல் விட்டேன், நிமிர்ந்து பார்க்கும்போது கூட்டம்தான் இருந்தது என்று பெருமூச்சு விடுவான். கேட்கக் கேட்க ஆண்டாளுக்கு ஏதோ சுருக்கென்று தைத்தது. பொறாமைதான், வேறென்ன? ஊரில் எத்தனையோ பெண்களுக்குப் போட்டியாக இன்னொருத்தி இருப்பாள். இவளுக்கு வாய்த்த போட்டி இவளே... எட்டு வயது இளையவள், ஒரே ஒரு சொல்தான் பேசுவாள், சண்டையே போட மாட்டாள்.

“அவளைக் கண்டுபிடிச்சா என்ன பண்ணுவீங்க?” என்று ஒரு நாள் கேட்டே விட்டாள்.

அவன் கம்பியைப் பிடித்துக்கொண்டு அவள் பக்கம் திரும்பினான். “ஒண்ணே ஒண்ணு கேக்கணும். நில்லுன்னு கூப்பிட்டீங்களே... அவர் நின்னாரா?”

ஆண்டாள் முகத்தைத் திருப்பிக்கொண்டு ஆற்றைப் பார்த்தாள். கண்ணில் விழுந்தது மழைத்துளி என்றால் அவன் நம்பியிருப்பான். அன்றைக்கு மழை இல்லை.

*

மார்கழிப் பனியோடு செய்தி வந்தது. துலால்தா இடது கையால் வாசிக்கக் கற்றுக்கொண்டுவிட்டார். தை மாதம், அதே சால்ட் லேக் மைதானத்தில், மத்தியானம் தொடங்கிப் பொழுது சாயும்வரை கச்சேரி. மகேஸ்வரன் பேச முடியாமல் தவித்தான். கண்ணெல்லாம் தண்ணீர். அந்தச் சந்தோஷத்தில்தான் வாய் தவறினான்.

“நீங்க கண்டிப்பா வரணும். அந்தக் குரல் இல்லாம அந்த மைதானத்துல எப்படி... மானே...”

அவன் நிறுத்திக்கொண்டான். ஆனால் சொல் போய்விட்டது.

“எப்பத்திலேருந்து தெரியும்?” என்றாள் ஆண்டாள்.

“முதல் நாள். படித்துறையில. எட்டு வருஷம் கேட்ட குரல், எனக்குத் தெரியாதா?”

ஆண்டாளுக்குக் காது சூடானது. அப்படியானால் ஆறு மாதமாக இவன் சிரித்தது யாரைப் பார்த்து? இயர்போனை நீட்டியது யாருக்கு? மூங்கில் கம்பில் பிடித்து வைத்த ஒரு சொல்லுக்கு ஆள் தேடிக்கொண்டிருந்தவனுக்கு, கடைசியில் ஓர் ஆள் கிடைத்திருக்கிறது. அவ்வளவுதானா நான்?

“நீங்க ஆறு மாசமா என்கிட்ட பேசலை, மகேஸ்வரன். உங்க ரெக்கார்டிங்கிட்ட பேசிக்கிட்டிருந்தீங்க.”

பாபுகாட் வந்தது. அவன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். அவள் திரும்பிப் பார்க்காமல் இறங்கி நடந்தாள். மறுநாளிலிருந்து லாஞ்சை விட்டுவிட்டு, ஹவுரா பாலத்து நெரிசலில் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போனாள். ரோஷத்துக்குக் கால் வலிக்காது, அவளுக்குத்தான் வலித்தது.

*

ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பா வெயிலில் உட்கார்ந்து பட்டாணி உரித்துக்கொண்டிருந்தார். அம்மா கடைக்குப் போயிருந்தாள். போஸ்ட் ஆபீஸ் இல்லாத நேரம். ஆண்டாள் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள்.

“லாஞ்சுல போறதில்லையோ இப்பல்லாம்?” என்று அவராகக் கேட்டார். “தினம் முகம் வாடி வர்ற.”

கூட்டம் என்று ஏதோ சொல்லி மழுப்பினாள். அவர் தலையை நிமிர்த்தாமல், அந்தப் பாட்டுக்காரர்கள் மறுபடி வாசிக்கிறார்களாமே, பேப்பரில் பார்த்தேன் என்றார்.

“போகணும்னா போயிட்டு வா. இந்தத் தடவை சொல்லிட்டுப் போ.”

எட்டு வருஷம் பூட்டி வைத்தது திறந்துகொண்டது. “அன்னிக்கு நான் தப்பு பண்ணேன். ஒத்துக்கிறேன். ஆனா அவ்வளவு பேருக்கு நடுவுல நின்னு கூப்பிட்டேனேப்பா... நீங்க நிக்கலையே.”

அப்பா பட்டாணியை விட்டுவிட்டு நிமிர்ந்தார். “கூப்பிட்டியா?”

“நில்லுப்பான்னு கத்தினேன்.”

“எனக்குக் கேக்கலையே” என்றார். குரல் உடைந்துபோயிருந்தது. “கேட்டுக்குப் பக்கத்துல ஜெனரேட்டர் ஓடிக்கிட்டு இருந்துது. நான் மெதுவாத்தான் நடந்தேன். பின்னாடி வருவ, ஒரு வார்த்தை கூப்பிடுவன்னு... பஸ் ரெண்டு போச்சு, ஏறாம நின்னேன். அப்பாவைவிட அந்தச் சத்தம் பெருசாப் போச்சு புள்ளைக்குன்னு நெனச்சுக்கிட்டு வந்துட்டேன்.”

ஆண்டாள் ஈரத்துணியைப் பிடித்தபடி அப்படியே நின்றாள். மைதானமே கேட்டது. கல்கத்தாவில் கிடார் பிடித்தவன் எல்லாம் கேட்டான். டிராமில், மாடியில், லாஞ்சில் அதைத் திரும்பச் சொன்னார்கள். கேட்கவேண்டிய ஒருத்தருக்கு மட்டும் அது போய்ச் சேரவில்லை.

சேர்க்க ஒரு வழி இருந்தது. அன்று சாயங்காலமே லேக் மார்க்கெட்டுக்குப் போனாள்.

கடையில் சாவித்திரி அம்மாள் இருந்தார், மகேஸ்வரனின் அம்மா. பெயரைக் கேட்டதும் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்தார். “நீதானா அது? என் பிள்ளை ரெண்டு வாரமா காப்பிக்கு உப்புப் போட்டுக் குடிக்கிறான்” என்று சொல்லிவிட்டு உள்ளே குரல் கொடுத்தார்.

அவன் வந்து நின்றான். கண் சிரிக்கவில்லை. அந்தப் பதிவு வேண்டும், ஊருக்குக் கொடுத்தது இல்லை, அசல் வேண்டும் என்றாள். ஏன் என்று அவன் கேட்கவில்லை. பென் டிரைவைக் கொண்டுவந்து அவள் உள்ளங்கையில் வைத்தான். அப்புறம் தயங்கித் தயங்கிச் சொன்னான்.

“அசல்ல அந்தச் சொல்லுக்கு அப்புறம் இன்னொரு எழுத்து இருக்கு. சத்தத்தைக் கூட்டினாத்தான் தெரியும். ப... மானே... பாலா, பாஸ்கர், யாரோ ஒருத்தர் பேரு. அவர் நின்னுட்டாரா, இன்னும் உங்க மனசுல நிக்கிறாரான்னு தெரியாமத்தான் நான் ஒண்ணும் சொல்லலை. வேற கள்ளம் இல்ல.”

அத்தனை துக்கத்திலும் ஆண்டாளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “அது பேரு இல்ல. நில்லுப்பா. எங்க அப்பா.”

எட்டு வருஷமாக ஒரு மாமனார் மேல்... அப்பா மேல் பொறாமைப்பட்டுக்கொண்டிருந்தவன் முகத்தில் என்னென்னவோ வந்து போனது. கடைசியில் அப்பளக் கட்டு அடுக்கியிருந்த ஸ்டூலிலேயே உட்கார்ந்துவிட்டான். உடைந்த அப்பளத்துக்கு யார் பொறுப்பு என்று சாவித்திரி அம்மாள் உள்ளிருந்து கேட்டார்.

*

அப்பா இயர்போனை மாட்டிக்கொள்ளத் தெரியாமல் மாட்டிக்கொண்டார். ஆண்டாள் பதிவை அந்த இடத்துக்கு நகர்த்தி வைத்தாள். கிடார் அடங்கியது. மைதானம் அடங்கியது. அப்புறம் அவருடைய முகம் மாறியதை அவள் பார்த்தாள்... அந்த ஒரு சொல்லும், அதன் வாலில் டிரம்முக்குள் நசுங்கிய ஒற்றை எழுத்தும். அது போதும் அவருக்கு. இன்னொரு தடவை போடச் சொன்னார். அதற்கப்புறமும் ஒரு தடவை. யார் இதைப் பிடித்து வைத்தது என்று கேட்டார். லாஞ்சில் வருகிற ஒருவர் என்றாள்.

“நல்ல பையனா?”

“தமிழ்தான் கொஞ்சம் சுமார்.”

அப்பா இயர்போனைக் கழற்றி, சுருட்டி, பத்திரமாகக் கையில் வைத்துக்கொண்டார். “சால்ட் லேக்ல குளிரும். ஸ்வெட்டர் எடுத்துக்கோ பாப்பா. நானும் வாரேன்.”

*

தை மாதத்து வெயில் சாய்ந்துகொண்டிருந்தது. அந்த மைதானத்தில் நரைத்த தலைகளும் இருந்தன, தோளில் குழந்தைகளும் இருந்தார்கள். ஐந்து வருஷம் காத்திருந்தவர்கள், ஒருவரையொருவர் கட்டிக்கொண்டு நிலோ சொன்னார்கள். துலால்தா இடது கையைத் தூக்கி வணங்கியபோது பாதிப்பேர் அழுதார்கள். அப்பா காதில் பஞ்சு வைத்துக்கொண்டு, யார்டில் வண்டி கோக்கிறதைவிட இது தேவலை என்றார்.

நடுவில் மூங்கில் கம்பு. அதன் அடியில் மகேஸ்வரன். அவளைப் பார்த்தான். இந்தத் தடவை இயந்திரத்தைப் பார்க்கவில்லை.

வாசிப்பு ஏறி, மயங்கி, சுற்றி, மெல்ல மெல்ல அடங்கியது. வானத்தில் கடைசி வெளிச்சம். ஒரு கணம் மைதானமே மூச்சைப் பிடித்தது. பிறகு அத்தனை தொண்டையும் ஒன்றாக...

“நிலோ...!”

அப்பா பஞ்சை எடுத்துவிட்டுச் சுற்றிலும் பார்த்தார். “என்ன பாப்பா, எல்லாரும் நில்லுங்கறாங்க? யாரை?”

“உங்களைத்தான்ப்பா” என்றாள் ஆண்டாள்.

 மடித்து வைத்திருந்த ஸ்வெட்டரை விரித்து அவள் தோளில் போட்டார். போட்ட கையை அங்கேயே வைத்துக்கொண்டு, மீதிக் கச்சேரியை நின்று கேட்டார்.

கூட்டம் கலைந்தபோது அப்பா ஜால்முரி எனும் காரப்பொரி வாங்கப் போனார். ஜால்முரிக்காரர் பக்கத்திலேயே இருந்தார். அப்பாதான் வேண்டுமென்று தூரத்தில் இருந்த வண்டிக்குப் போனார். மகேஸ்வரன் கம்பைச் சாய்த்து, மைக்கை அவிழ்த்துக்கொண்டிருந்தான்.

“இந்தத் தடவை ரெக்கார்டு பண்ணீங்களா?” என்று கேட்டாள்.

“மறந்துட்டேன்” என்றான். “பட்டனை அழுத்தவே இல்ல. உங்களைப் பாத்துக்கிட்டே இருந்துட்டேன்.”

ஐந்து வருஷம் காத்திருந்த கச்சேரி. இந்த மனிதன் பட்டனை அழுத்த மறந்திருக்கிறான். 

அவன் ஒயரைச் சுற்றிக்கொண்டே பேசினான், அவளைப் பார்க்காமல். “அன்னிக்கு லாஞ்சுல நீங்க சொன்னதுக்குப் பதில் சொல்லணும். எட்டு வருஷம் நான் கேட்டது ஒரே ஒரு சொல்லு. அதைப் பிடிச்சிருந்துது, இல்லைன்னு சொல்லலை. ஆனா இந்த ஆறு மாசத்துல எவ்வளவு கேட்டுட்டேன்... திட்டு, சிரிப்பு, சிகரெட்டுக்கு இலக்கணம். ரெண்டு வாரம் லாஞ்சுல நீங்க இல்ல. அந்த ரெக்கார்டிங்கைப் போட்டுப் பாத்தேன். போதலை. அது யாரோ மாதிரி இருந்துது. மானே... எனக்கு உங்களைப் பிடிச்சிருக்கு. அந்தக் குரல் இல்லைன்னாலும் பிடிச்சிருக்கும்.”

அவள் பதில் பேசவில்லை. பேச முடியவில்லை. அவன் அதைத் தவறாகப் புரிந்துகொண்டு, கம்பைத் தோளில் போட்டான். வங்காளியில் ‘ஆஷி’ என்றால் வருகிறேன். போகிறவன் சொல்வது அதுதான்.

“சரிங்க... ஆஷி” என்று நடந்தான்.

நான்கு அடிகூட இருக்காது. சுற்றிலும் ஆயிரம் பேர் பேசிக்கொண்டு போனார்கள். ஆண்டாள் கத்தவில்லை. பக்கத்தில் இருப்பவரிடம் சொல்கிற மாதிரி, மெல்லத்தான் சொன்னாள்.

“நில்லு.”

அவன் நின்றான். ஜெனரேட்டர் ஓடிக்கொண்டுதான் இருந்தது, ஆனாலும் அவனுக்குக் கேட்டது. திரும்பினான். கண் முதலில் சிரித்தது.

“நில்லுங்கன்னு சொல்லலையே?” என்றான்.

“அந்த ‘ங்க’ இனிமே வராது” என்றாள் ஆண்டாள்.

ஜால்முரிப் பொட்டலங்களோடு அப்பா வந்துகொண்டிருந்தார். அவர் கையில் மூன்று பொட்டலங்கள் இருந்தன.